ஆணி இல்லாத முட்டு

“ஆசானே, என் கால்முட்டு ரெண்டையும் அசையாமக் கட்டிவிடுங்க.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் பூதலிங்கம். மலைக்கோவில் முருகன் பல்லக்கில் முன்தண்டு அவர் தோளுக்குத்தான்.

அவர் கேட்டது வர்ம வைத்தியர் தாணு ஆசானிடம். கேட்டவரைவிட ஆசானுக்கு வயசு கம்மி. ஊரில் சிலருக்கு அதில் ஒரு சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும், பூதலிங்கத்துக்கு அவர்தான் ஆசான்.

“என்ன அண்ணாச்சி, நோவுதா?”

“நோவு இல்லை.”

“வீக்கம்?”

“அதுவும் இல்லை. நடுங்குது ஆசானே. ஏறும்போது ஒண்ணும் பண்ணலை. இறங்கப் படியில கால் வச்சா கிடுகிடுன்னு ஆடுது. நாளைக்குப் பல்லக்கு இறங்கணும். இறக்கத்துல பாரம் மொத்தமும் முன்னாலதான் வரும். என் கால் மடங்கிச்சுன்னா...”

பக்கத்துத் தண்டைச் சுமக்கப்போகிறவன் அவர் மகன். இவர் சாய்ந்தால் பல்லக்கு அவன் மேல்தான் விழும். திருவிழாக் கொடி ஏறிய நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசான் உட்காரவைத்துப் பார்த்தார். முட்டுச் சில்லை இப்படியும் அப்படியும் தள்ளினார். காலை மடக்கினார், நீட்டினார். காதை வைத்துக்கூடக் கேட்டார்.

“நல்லாத்தானே இருக்கு.”

“எங்க நல்லா இருக்கு? உள்ள ஆணி கீணி கழன்றிருக்கும். சரியாப் பாருங்க.”

“ஆணியா? ஆணி கிடையாதே அண்ணாச்சி.”

“கிடையாதா!”

“தொடை எலும்பு கீழ் எலும்பு மேல சும்மா உக்காந்திருக்கு. நடுவுல மெத்தை மாதிரி ஜவ்வு. வழவழன்னு கொஞ்சம் தண்ணி. முன்னால மூடி மாதிரி இந்தச் சில்லு. சுத்திலும் நார் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கு. அவ்வளவுதான்.”

பூதலிங்கம் கால்முட்டு ரெண்டையும் கையால் பொத்திக்கொண்டார். இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

“அட முருகா! அப்போ இத்தனை வருஷமா எதை நம்பிச் சாமி தூக்கினேன்?”

“இழுபறியை.”

“விளையாடாதீங்க ஆசானே. கட்டிவிடுங்க.”

ஆசான் மறுபேச்சுப் பேசவில்லை. மூங்கில் பத்தைகளை எடுத்துவந்தார். தொடையிலிருந்து கணுக்கால் வரை வைத்து, துணியைச் சுற்றி இறுக்கினார். ஒரு காலுக்கு ஆயிற்று. மறு காலுக்கும் ஆயிற்று. கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

ஆட்டம் நின்றுவிட்டது. பூதலிங்கத்தின் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடியது.

“தூண் மாதிரி நிக்கேன் ஆசானே! இனி யாரால என்னை அசைக்க முடியும்?”

“யாராலயும் முடியாது. போயிட்டு வாங்க.”

பூதலிங்கம் விறைப்பாக வாசல்வரை போனார். அந்த வீட்டு வாசற்படிகள் கொஞ்சம் உயரம். மேல்படியில் நின்று வலது காலை நீட்டினார். அது காற்றில் தொங்கியது, கீழ்ப்படிக்கு எட்டவில்லை. எட்டவேண்டுமானால் ஊன்றி நிற்கிற கால் மடங்க வேண்டும். அதுதான் கட்டிக் கிடக்கிறதே!

குதிக்கலாமா என்று பார்த்தார். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆசானே...”

“ம்.”

“இறங்க முடியலையே.”

“நடுங்குதா?”

“இல்லை.”

“அதான். மடங்குற முட்டுதான் நடுங்கும்.”

பூதலிங்கம் தெருவைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார்.

“அவுத்துவிடுங்க ஆசானே.”

மறுநாள் பல்லக்கு தோளில் ஏறியது. தவில் அதிர்ந்தது. மலையிலிருந்து இறங்கும் முதல் படியில் பூதலிங்கம் கால் வைத்தார். பயம் எங்கேயும் போய்விடவில்லை. நெஞ்சு தவிலோடு சேர்ந்து அடித்தது. பாரம் முன்னால் சரிந்தது. கிடுகிடுவென்று முட்டு ஆடத் தொடங்கியது.

பக்கத்துத் தண்டிலிருந்து மகன் பார்த்துவிட்டான்.

“அப்பா, கால் நடுங்குதே!”

“ஆமா மக்கா, உள்ள இழுத்துப் பிடிக்க ஆள் இருக்கு. நீ எறங்கு.”