நோய் நடந்த வழி

சென்னியப்பன் மடத்துக்கு வந்தது ஞானம் தேடி அல்ல. தம்பி வீட்டு வாசல் கண்ணில் படாத ஓரிடம் வேண்டும் என்றுதான் வந்தார். ஊருக்கு மேற்கே, கரட்டுக் குன்றின் அடியில் இருந்த அந்தச் சின்ன மடத்திலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். தம்பி மாரப்பன் வீட்டை மட்டும் ஒரு புளியமரம் மறைத்துவிடும். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மடத்தை நடத்தி வந்தவர் ஒரு பெண் துறவி. சாமியம்மா என்பார்கள். சென்னியப்பனை விட வயதில் இளையவர். நரைத்த தலையோடு ஒருவர் வந்து, சீடனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றபோது அவர் அதிகம் விசாரிக்கவில்லை.

"என்ன வேலை தெரியும்?"

"மாடு பார்க்கத் தெரியுங்க."

"கோபம் இருக்கா?"

"இருக்குதுங்க. அதை விடச் சொன்னா நான் இப்படியே திரும்பிப் போயிடறேன்."

"விடச் சொல்லலை. கால் கழுவிட்டு உள்ளே வாங்க."

அந்தக் கோபம் லேசுப்பட்டதல்ல. தாய் இறந்த அன்று சென்னியப்பன் வெளியூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் மாரப்பன் பிணத்தைத் தூக்கிவிட்டான். வெயில் காலம், உடம்பு தாங்காது என்று ஊரார் சொன்னார்களாம். யார் சொன்னால் என்ன? பெற்றவளின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க விடாதவன் அவன்தான். அன்று சென்னியப்பன் தம்பியின் வாசலுக்கு வெளியே நின்று, இந்தப் படியை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன சொல்லை ஒருநாளும் மீறவில்லை. வேறு எதுவும் இல்லாதவனுக்கு அது ஒரு சொத்துதான்.

அந்தக் கோடையில் ஊர் மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்தது.

நாச்சிமுத்து சந்தையில் பிடித்து வந்த காளையின் வாயில் முதலில் எச்சில் நூல் நூலாக இறங்கியது. பிறகு நாக்கு கொப்புளித்தது, குளம்பு பிளந்தது. செய்தி தெரிந்ததுமே ஊரார் மாடுகளை மேய்ச்சலுக்கு விடுவதை நிறுத்தினார்கள். அவரவர் மாட்டை அவரவர் தொழுவத்தில் கட்டிப்போட்டார்கள். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். வெளியூர் வண்டி ஒன்றையும் உள்ளே விடவில்லை.

அப்படியும் நோய் நிற்கவில்லை. ஒரு தொழுவம் விழுந்தது. அடுத்தது விழுந்தது.

கோமாரி காலத்தில் மடத்துத் திருநீற்றை மாட்டின் நாக்கில் பூசுவது அந்த ஊர் வழக்கம். முன்பெல்லாம் மாட்டுக்காரர்கள் மடத்து வாசலுக்கு வந்து மடித்து வாங்கிப் போவார்கள். இந்த முறை சென்னியப்பன் தானே தட்டை ஏந்திப் புறப்பட்டார். நோயில் கிடக்கும் மாட்டை விட்டு அவர்கள் எப்படி வருவார்கள் என்று நினைத்தார். அதிகம் வாடிய மாட்டுக்கு முதலில் போவார். வாயைத் திறந்து, நாக்கை இழுத்துப் பிடித்து, உப்பும் மஞ்சளும் குழைத்த திருநீற்றை அடிநாக்கு வரை பூசுவார். தோள்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தொழுவத்துக்கு நடப்பார். நோய் காணாத மாடுகளுக்கும், வராமல் இருக்கட்டும் என்று பூசினார். ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஊர் தன்னைக் கும்பிட்டு அவர் பார்த்ததே இல்லை.

பாவாத்தாளுக்கு இருந்தது ஒரு பசு, ஒரு கன்று. கணவன் இல்லாதவள். கன்று முதலில் செத்தது. பாலில்லாத பசுவின் காலடியில் அவள் உட்கார்ந்தே கிடந்தாள்.

அப்போதுதான் ஊருக்கு ஒன்று கண்ணில் பட்டது. எல்லார் தொழுவத்திலும் எச்சில் ஒழுகுகிறது. மாரப்பன் மாடுகள் மட்டும் அசைபோட்டுக்கொண்டு நிற்கின்றன.

ஏதோ செய்து வைத்திருக்கிறான் என்றது ஒரு வாய். தன் மாட்டு நோயை ஊருக்கு ஏவிவிட்டான் என்றது இன்னொரு வாய். பொழுது சாய்வதற்குள் கூடிப் பேசி, அவன் மாடுகளை அவிழ்த்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவது என்று ஆயிற்று. அந்தப் பக்கம் புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாரப்பன் வீட்டில் இரண்டு சினைப்பசுக்கள் இருந்தன.

சென்னியப்பனுக்கு வயிறு குளிர்ந்தது. குளிர்ந்ததை மறைக்காமலேயே சாமியம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு கேள்விங்க."

"கேளுங்க."

"கட்டிப்போட்ட மாட்டுக்கு நோய் எப்படிங்க நடந்து வருது? யாரோ ஏவாம வருமா?"

சாமியம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொட்டைகள் குவிந்து கிடந்தன. ஒரு கை அள்ளி அவர் முன் வைத்தார்.

"எந்தத் தொழுவம் முதல்ல விழுந்துச்சோ, அதுக்கு ஒரு கொட்டை வைங்க. அப்புறம் அடுத்தது. வரிசையா வைங்க."

சென்னியப்பனுக்கு இது மனப்பாடம். நாச்சிமுத்து, கிணற்றடி வீடு, தச்சாசாரி, பாவாத்தா என்று பேர் சொல்லிச் சொல்லி வைத்தார். வரிசை தரையில் நீண்டது. கடைசியில் ஒரு கொட்டையைத் தனியே தள்ளிவைத்தார்.

"அது யாரு?"

"அவன்தான். விழலையே."

"சரி." சாமியம்மா இன்னொரு கை அள்ளினார். "காலையில தட்டை எடுத்துக்கிட்டுப் போறீங்களே, முதல்ல எந்தத் தொழுவம், அடுத்தது எது? அதையும் இதுக்குக் கீழேயே வைங்க."

அவர் வைக்கத் தொடங்கினார். நாச்சிமுத்து. கிணற்றடி வீடு. தச்சாசாரி. பாதி வரிசையில் கை மெதுவானது. பிறகும் வைத்தார். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் ஓரிடத்தில்தான் முன்னே பின்னே இருந்தது. மற்றபடி கொட்டைக்குக் கொட்டை சோடி நின்றது.

ஒரு கொட்டை கையில் மிஞ்சியது.

"அதை வைக்கலையா?" என்றார் சாமியம்மா.

"வைக்க இடம் இல்லீங்க. அங்கே நான் போறதில்லை."

சாமியம்மா மறுபடி புளி தட்டத் தொடங்கினார். சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார். எச்சில் மேல் எச்சில் காய்ந்து துண்டு விறைத்திருந்தது. கையை மோந்து பார்த்தார். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றிலேயே வைத்திருந்தார்.

"அம்மா, நான் நல்லதுக்குத்தானே போனேன்?"

"ஆமா."

"கெட்டது நினைச்சது ஒரு தொழுவத்துக்குத்தானே?"

"அது ஒண்ணுதான் நிக்குது."

சென்னியப்பன் இரண்டு வரிசையையும் மறுபடி பார்த்தார்.

"இதைச் சொன்னா, மடத்துத் திருநீறை இனி எவனும் தொடமாட்டானுங்க."

"தட்டை நிறைச்சுக் குடுத்தது நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?"

"நீங்க கேட்டப்பதான் எனக்கே தோணுச்சு. இப்ப ரெண்டு பேருக்குத் தெரியும்."

சென்னியப்பன் எழுந்தார். தொடக்கூடாததைத் தூக்குவதுபோல் துண்டை இரண்டு விரலில் பிடித்துக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார். பிறகு ஊருக்குள் இறங்கினார்.

ஆற்றுப் பாதை முனையில் கூட்டம் நின்றது. மாரப்பன் தடியோடு தன் சந்து முனையை மறித்து நின்றான். சென்னியப்பனைப் பார்த்ததும் வழி விட்டார்கள், தம்பி மேல் முதல் அடி அண்ணனுடையதாக இருக்கட்டும் என்பதுபோல.

"அவன் மாட்டை அவுக்காதீங்க," என்றார் சென்னியப்பன். "நோயைக் கொண்டு போனது நான்."

நாச்சிமுத்து சிரித்தான். "சாமியாரானதும் தம்பிப் பாசம் பொத்துக்கிச்சாக்கும்."

"பாசமெல்லாம் இல்லப்பா. உன் காளை வாயில விட்ட கையைத்தான் கிணத்தடி வீட்டு மாட்டு வாயிலயும் விட்டேன். அதே கையைத்தான் தச்சாசாரி வீட்டுல விட்டேன். நான் போன வழியிலதான் நோயும் போச்சு. இவன் வீட்டுக்கு மட்டும் போகலை. ஏன் போகலைன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தொழுவத்தில் அவர் எப்போது வந்தார், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஒருவர் காறித் துப்பினார். யார் மேல் என்று தெரியவில்லை.

பாவாத்தாள் முன்னால் வந்தாள். அடிப்பாள் என்றுதான் சென்னியப்பன் நினைத்தார். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

"கன்னு தலையைத் திருப்பிக்கிச்சுங்க," என்றாள். "வாயைத் தொறக்கவே மாட்டேன்னுச்சு. நான்தான் இறுக்கிப் புடிச்சு உங்களுக்குத் தொறந்து குடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடந்தாள்.

அவள் போன பிறகு மாட்டை அவிழ்க்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இனி யாரும் இன்னொருவர் தொழுவத்துக்குள் போகவேண்டாம், கயிறோ தாழியோ இரவல் வாங்கவேண்டாம், செத்த கன்றை ஆற்றில் தள்ளாமல் ஆழக் குழி வெட்டிப் புதைக்கவேண்டும் என்று சென்னியப்பன் சொன்னார். சிலர் கேட்டார்கள். சிலர் கேட்காமலேயே போனார்கள்.

மாரப்பன் மட்டும் நின்றான். தடியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மா பேரைச் சொல்லி ஒரு வாய் சோறு. வீட்டுக்கு வாண்ணா."

"சாமியம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன்," என்று மட்டும் சொன்னார் சென்னியப்பன்.

மடத்துக்கு ஏறி வரும்போது அவர் நடை இளவட்டம் போல் இருந்தது. சாமியம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி சோத்துக்குக் கூப்பிட்டானுங்க."

"போகணும்னு இருக்கா?"

"இருக்குதுங்க. கோபத்தைத் தேடிப் பார்த்தேன். கொஞ்சம்தான் இருக்கு. அதை வெச்சுக்கிட்டே சோறு திங்கலாம்."

சாமியம்மா அவர் காலைப் பார்த்தார். புண்பட்ட குளம்புகள் மிதித்த சாணமும் சேறும் கணுக்கால் வரை அப்பியிருந்தன.

"காலையில எந்தத் தொழுவத்துல நின்னீங்க?"

"எல்லாத்துலயுந்தான்."

"உங்க தம்பி வீட்டுல சினைமாடு ரெண்டு, இல்லையா?"

சென்னியப்பன் தன் காலைக் குனிந்து பார்த்தார். கெஞ்சுவதுபோல் கேட்டார்:

"மனசு மாறிப் போறேனே அம்மா. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் கூப்பிட்டிருக்கான். இப்பவும் உள்ளே போகக்கூடாதுங்களா?"

"மனசு மாறினது நோய்க்குத் தெரியாது," என்றார் சாமியம்மா. "சோத்தை வெளியே கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க. படிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து சாப்பிடுங்க. இத்தனை வருஷம் அங்கேயே நின்னு பழகினவர்தானே."