அடியில் நின்ற லா

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது பியூலா. எங்கள் சபைப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் ஆசீரின் மனைவி. என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

ஒரு கிட்டாரில் டோ, மீ, சோ, லா என்று மேற்கத்திய இசையின் நான்கு சுரங்கள் கூடப்பிறந்தவர்களாய் இருந்தன. மூத்தவன் டோ. கடைக்குட்டி லா, புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள்.

மறுநாள் ஒரு கல்யாணம். அங்கே வாசிக்க வேண்டிய பாட்டுக்காகக் கிட்டார்க்காரன், இந்த நான்கு சுரங்களும் சேர்ந்த 'மேஜர் சிக்ஸ்த்' என்ற கட்டைப் பழகினான். நால்வரும் சேர்ந்து கத்தக் கூடாது. ஒருவர் பின் ஒருவராய்ப் பேச வேண்டும். விரல் வைக்காமலே ஒலிக்கும் தடித்த கம்பி ஒன்று லாவுடையது. சுலபமாக இருக்கிறதே என்று அவன் அங்கிருந்தே தொடங்கினான். லா, டோ, மீ, சோ.

பாட்டு அழுதது.

"பாத்தியாண்ணே? இவ வாயத் திறந்தா கல்யாண வீடு எழவு வீடாயிருது," என்றாள் மீ.

"நாளைக்கு மட்டும் இவ சும்மா இருக்கட்டும். நாம மூணு பேரும் போதாதா?" என்றான் சோ.

லா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் முன்னால வரலைண்ணே. ஓரமா இருந்து கேட்டுக்கிடுதேன்." அதன்பிறகு அவளைத் தொட்டால் 'டொக்' என்றது, அவ்வளவுதான்.

மூன்று பேரும் பாடினார்கள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெய் காணாத தலைபோலப் பாட்டு வறண்டு கிடந்தது.

"என்னமோ குறையுதே," என்று கிட்டார்க்காரன் காதைச் சொறிந்தான்.

டோ தங்கையிடம் போனான். "ஏட்டி, நீ எங்க நின்னு பேசின?"

"அடியிலண்ணே. நீங்க எல்லாரும் என் தலைமேலதான நின்னீங்க?"

டோ அவள் கையைப் பிடித்தான். "பாரத்தையெல்லாம் உன் தலையில ஏத்திட்டு, மூஞ்சி சிரிக்கலைன்னு உன்னையவே ஏசியிருக்கோம். ஏறு மேல. அடி என் இடம்."

லா மெல்லிய கம்பி ஒன்றுக்கு ஏறினாள்; அவள் விட்ட தடித்த கம்பியில் டோ அழுந்தி உட்கார்ந்தான். கிட்டார்க்காரனின் விரல் நுனி வலித்தது. அவன் விடவில்லை.

டோ, மீ, சோ... லா.

அதே நான்கு பேர்தான், அடியில் நிற்பவர் மட்டும்தான் மாறியிருந்தார். பாட்டு அழவில்லை. லா பேசிய இடத்தில் கண் மட்டும் லேசாகக் கலங்கியது, மணப்பெண்ணைப் பார்த்த தாய்க்குக் கலங்குமே, அப்படி.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது லாவைப்போலக் கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், நீங்களே எழுந்து போய்க் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.