சுங்கச்சாவடிக் கல் பேசிய கதை

முன்னொரு காலத்தில், இலையில் மலைத்தேன் விழாவிட்டால் சோற்றில் கை வைக்காத ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் தேன் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மலையடிவாரச் சந்தைக்கு என்ன ஆயிற்று?" என்று சபையில் கேட்டார்.

சுங்க மந்திரி விசயராயர் எழுந்தார். "பிரபு, கடற்கரைப் பெண்கள் உப்பும் கருவாடும் சுமந்து போனால்தானே மலைக்காரர்கள் தேனோடு இறங்குவார்கள்? சோம்பேறிகள்! வீட்டைவிட்டு நகர்வதில்லை."

ராஜாவுக்கு வருத்தமாகிவிட்டது. "தலைச்சுமைக்குச் சுங்கம் இல்லை என்று, பட்டமேறிய அன்றே சாவடி வாசலில் கல்வெட்டு நட்டேனே! இதற்குமேல் என்ன சலுகை வேண்டுமாம்?"

"அந்தக் கல் ஊமை, மகாராஜா" என்றான் அரண்மனை விகடன் சீராளன்.

"என் ஆணையையா ஊமை என்கிறாய்?"

விசயராயருக்குச் சீராளனைக் கண்டாலே ஆகாது. சமயம் பார்த்து நுழைந்தார். "அப்படியானால் விகடரே அதைப் பேச வைக்கட்டும். அடுத்த பௌர்ணமிக்குள் கல் பேசாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜா சரி என்றுவிட்டார். கோபத்தில் தலையாட்டுவது ராஜாக்களுக்கென்றே வந்த வியாதி.

சீராளன் சாவடிக்குப் போய்ப் பார்த்தான். கல்லுக்கு எண்ணெய் ஊற்றி ஊற்றி எழுத்தெல்லாம் கறுத்துக் கிடந்தது. மேலே மஞ்சள் பூச்சு, இடுப்பில் சிவப்புத் துணி. பெயர்கூட வைத்துவிட்டார்கள், சுங்கத்தம்மன்! பெண்கள் அதைக் கும்பிட்டுவிட்டுக் கூடையை இறக்க, சாவடிக்காரன் சுங்கமென்று கூடைக்கு ஒரு மரக்கால் அளவு அள்ளிக்கொண்டிருந்தான். அள்ளாதே என்று சொல்கிற கல்லிடமே, கொஞ்சமாக அள்ள வை தாயே என்று வேண்டிக்கொண்டு நின்றார்கள். பாவம், சிரிக்கக்கூட மனசு வராது.

"அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா, ஆத்தா?" என்று உப்புக்காரி கடலாயியைக் கேட்டான் சீராளன்.

"கூடைக்கு ஒரு மரக்கால்னு சாவடிக்காரரே படிச்சுச் சொன்னாரே! இப்பிடி அள்ளக் குடுத்துட்டா எம்புள்ளைங்களுக்குக் கஞ்சிக்கே தேறல சாமி. நெறைய பேரு நின்னுட்டாளுக. இந்த மாசத்தோட நானும் நின்னுரப் போறேன்."

சீராளன் உண்மையைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். அவன் இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவன். சாவடிக்காரனோ தினமும் இருக்கிறவன். யார் பேச்சு நிற்கும்?

அப்போது வரிசையில் சண்டை மூண்டது. கூடைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் எது யாருடையது என்று தினமும் அங்கே ரகளைதான்.

"நான் அடையாளம் போட்டுத் தருகிறேன்" என்றான் சீராளன். ரகளை ஓய்ந்தால் போதுமென்று சாவடிக்காரன் தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்தே சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தான். அந்தக் கல்லில் விரலால் தடவிக் கண்டுபிடித்த எழுத்துகளையே கூடைக்கு ஒன்றாகச் சீராளன் எழுதினான். இன்னின்ன எழுத்து என்று சொல்லியும் கொடுத்தான். கடலாயிக்கு 'த' கிடைத்தது.

நாலு நாளில் பெண்கள் பெயரையே மறந்துவிட்டார்கள். "ஏ லைக்காரி, தள்ளி நில்லுடி!" "மைக்காரி கூடையை மிதிக்காத!" எல்லோர் எழுத்தும் எல்லோருக்கும் பாடமாயிற்று. கல்லில் மிச்சமிருந்த எழுத்துகளையும் ஆளுக்கொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கூடையை அலங்கரிக்கிறான் கிறுக்கன் என்று சாவடிக்காரன் சிரித்தான்.

பௌர்ணமியன்று ராஜா சாவடிக்கு வந்தார். விசயராயர் கல்லில் காதை வைத்துக் கேட்டார். காதெல்லாம் எண்ணெய். "பேசவில்லை பிரபு!"

"குளிக்காமல் பேசாதாம்" என்றான் சீராளன். "ஆத்தாமார்களே, அம்மனைத் தேய்த்துக் கழுவுங்கள்."

சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். திடீரென்று கடலாயி கத்தினாள். "ஏ! இங்க பாருங்கடி, எங்கூடை எழுத்து!"

"என்னுதும் இருக்கு!" என்று இன்னொருத்தி முண்டினாள். விரலை வைத்து, தட்டுத் தடுமாறி, எல்லோரும் சேர்ந்து படித்தார்கள். "த... லை... ச்... சுமைக்குச் சுங்கம் இல்லை."

கடலாயி சாவடிக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். "இதைக் கும்பிட வச்சேவா இத்தனை வருசமா எம்புள்ளைங்க கஞ்சியை அள்ளுன?"

"நானில்லை தாயே! அள்ளியதெல்லாம் மந்திரி வீட்டுக்குத்தான் போகும்!" என்று சாவடிக்காரன் அவள் காலில் விழுந்தான்.

விசயராயர் பதறினார். "பிரபு, பேசியது பெண்கள். கல் இல்லை!"

"மகாராஜா," என்றான் சீராளன், "தங்கள் ஓலையை ஒருவன் ஊரில் படித்தால், பேசுவது அவனா, தாங்களா?"

"நான்தான்."

"அப்படியானால் இங்கே பேசியதும் கல்தான். இத்தனை நாள் அதற்கு ஒரே ஒரு வாய் இருந்தது. அது மந்திரியின் ஆள் வாய்."

"இருங்க ராசா, கீழ இன்னொரு வரி இருக்கு" என்று குனிந்த கடலாயி மெல்லப் படித்தாள். "இதை மீறியவன் அச்சுமையைத் தானே சுமக்கக் கடவன்."

தான் வெட்டச் சொன்ன வரியை ராஜாவே மறந்திருந்தார். விசயராயரின் தலைப்பாகையையும் கருவாட்டுக் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். விசயராயர் கருவாடு சுமந்து சந்தைவரை நடந்தார். வழியெல்லாம் பூனைகள் துணைக்குப் போயின.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"எல்லாச் சாவடிக்கும் ஒரு கலயம் சுண்ணாம்பு, மகாராஜா. எழுதிக் காட்ட ஓர் ஆள்."

அப்படியே நடந்தது. நின்றுபோன பெண்கள் மறுபடி கூடை தூக்கினார்கள், சந்தை களைகட்டியது, ராஜாவின் இலையில் தேனும் விழுந்தது. அந்த நாட்டுப் பெண்கள் அதன்பிறகு எந்த ஊரில் எந்தக் கல்லைக் கண்டாலும், முதலில் கழுவிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிட்டார்கள்.