கடைசியாக உயர்ந்த கை

மங்கையர்க்கரசியிடம் தொழில் பழகச் சேர்ந்தபோதே சூசைநாதனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆசிரியை வயதில் இளையவர். இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களின் வீட்டில், பாட்டு கேட்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுப்பது டீச்சரின் வேலை. அந்தக் கம்ப்யூட்டரில் விசிறி இரையாது. பாட்டைத் தவிர வேறெதுவும் ஓடாது. ஞாயிறுதோறும் டீச்சரின் அறையில் சிலர் கூடுவார்கள். ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டுவார். நடுவில் யாரும் பேசக் கூடாது. வித்தியாசம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற ஞாயிறு ஒரு புது அமைப்பைக் காட்டினார். அதில் கம்ப்யூட்டர் பாட்டில் கை வைக்காது, அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். முதலில் பழையபடி போட்டார், பிறகு புது அமைப்பில். டீச்சர் கண்ணை மூடியபடி கையைத் தூக்கினார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. சூசைநாதனின் கைதான் கடைசி. வீணை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றார் ஒருவர். சூசைநாதனும் ஆமாம் போட்டார்.

அன்றே டீச்சர் அவரைக் கூப்பிட்டு, புதன்கிழமை டாக்டர் நவமணி வீட்டு வேலைக்குத் தனியாகப் போய்வரச் சொன்னார். அந்த வார்த்தைக்காகத்தான் சூசைநாதன் இத்தனை நாளும் காத்திருந்தார்.

செவ்வாய் காலை டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை. சொன்னால் நாளைய வேலை கைவிட்டுப் போகும். சொல்லாமல் போனால் டாக்டர் வீட்டில் எதைக் கேட்டு எதைச் சரிசெய்வது?

போய்ச் சொன்னார். "டீச்சர், அன்னைக்கு எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. உங்க கையைப் பாத்துத்தான் தூக்கினேன். என் காது இதுக்கு ஆகாதுபோல."

 டீச்சர் அவரை உட்காரவைத்து அதே பாட்டைப் போட்டார். முடிந்ததும் திரையில் எதையோ மாற்றி, மறுபடி போட்டார்.

சூசைநாதனின் கைகள் மடியிலேயே இருந்தன. "ஒரே மாதிரிதான் இருக்கு."

"ஒண்ணேதான். புது அமைப்புக்கு மாத்தினேன், சேமிக்கிற பட்டனை அழுத்தல. அழுத்தினாத்தான் மாறும். ஞாயித்துக்கிழமையும் அழுத்தல. நீங்கள்லாம் போன பிறகுதான் பாத்தேன்."

சூசைநாதன் தயங்கிக் கேட்டார். "முதல்ல கை தூக்கினது நீங்கதானே?"

"ஆமா. நல்லாவே கேட்டுச்சு."

மற்றவர்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டதாகவும், வீணை பக்கத்தில் வந்தது என்றவர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் டீச்சர் சொன்னார். சீடரான இவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லையாம்.

"பட்டனை அழுத்தியிருந்தா வித்தியாசம் கேட்டிருக்குமா டீச்சர்?"

"தெரியல."

"அப்ப நாளைக்கு டாக்டர் வீட்டுக்கு?"

"ரெண்டு பேரும் போவோம். கம்ப்யூட்டர் உங்க கையில. நான் உக்காந்து கேக்குறேன். மாத்தினீங்களா இல்லையான்னு மட்டும் எனக்குச் சொல்லாதீங்க அண்ணே."