பதினொரு கிலோ

"மலை என்னை வேண்டாம்னு சொல்லிடுச்சு, சாமி."

வடிவாம்பாள் இதைச் சொல்லிவிட்டு, முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் கல்லில் உட்கார்ந்தாள்.

தேனடை மலையின் அடிவாரம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சாமி கீழ்ப்படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தினமும் பெருக்குவதால் சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் படிச்சாமி என்று பெயர். அவளைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் மனசு குழம்பினால் அவள் அவரிடம்தான் வந்து நிற்பாள்.

"எப்ப சொல்லுச்சு?"

"போன மாசம். மூணாவது வளைவுல உக்காந்தவ, எந்திரிக்க முடியலை. ரெண்டு பேர் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. பதினாலு வருஷமா மாசம் தவறாம ஏறுன மலை."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"மூட்டுவாதமாம். முட்டி, மணிக்கட்டு, விரலு, எல்லாத்துலயும் இருக்கு. ஆனா நடக்கிறதை மட்டும் விட்டுடாதீங்கன்னார்."

"மலை ஏறலாமா?"

"மெதுவா ஏறலாம்னார்."

"அப்ப வேண்டாம்னு சொன்னது யாரு?"

அவள் முதுகுப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

சாமி விளக்குமாற்றைப் படியோரமிருந்த தன் குடிசைச் சுவரில் சாய்த்தார். "பையைக் கொடுங்கம்மா" என்றார்.

வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு இருபது படி ஏறினார். இருபது படி இறங்கினார். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"எவ்வளவு கனம்?"

"பூக்கடைத் தராசுல ஒரு தடவை வச்சுப் பார்த்தேன். பதினொரு கிலோ."

"உள்ளே என்ன?"

அவள் திறந்தாள். ஜிப்பை இழுக்க அவள் விரல்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. சாமி காத்திருந்தார்.

நாலு லிட்டர் தண்ணீர். குளுக்கோஸ் பொட்டலங்கள். கட்டுத்துணி, பஞ்சு, கத்தரிக்கோல். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. இரண்டு போர்வை. பிஸ்கட்.

"இது யாருக்கு?" என்று தண்ணீரைத் தொட்டுக் கேட்டார்.

"வழியில யாருக்காவது தேவைப்படும்."

"போர்வை?"

"யாருக்காவது குளிரெடுத்தா?"

அவர் மேலும் கேட்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். பையின் அடியில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீரும், ஒரு மாத்திரை அட்டையும், இரண்டு வாழைப்பழமும் கிடந்தன.

"இது?"

"அது எனக்கு."

சாமி அவளையே பார்த்தார். அவள் கீழே பார்த்தாள்.

"ஒன்பது வருஷம் ஆச்சு சாமி. சித்திரை மாசம், உச்சி வெயில். அஞ்சாவது வளைவுல ஒருத்தர் விழுந்து கிடந்தார். முப்பத்தி மூணு வருஷம் நர்ஸா வேலை பார்த்தவ நான். எங்கிட்ட ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. காலிப் பாட்டிலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் மடியிலயேதான் போனார். அவர் பேருகூட எனக்குத் தெரியாது."

"வழியில வேற யாரும் வரலையா?"

"யாருமே இல்லை."

"நீங்க இருந்தீங்க."

"இருந்து என்ன பிரயோஜனம்?"

"அவர் தலை கல்லு மேல கிடக்கலையே அம்மா."

வடிவாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாமி பக்கத்தில் உட்கார்ந்தார். அழட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, அவர் பாதையைக் காட்டினார்.

ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வியாபாரி ஒருவர், கையில் பாட்டில். புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி, ஆளுக்கொரு பாட்டில். கல்லூரிப் பெண்கள் ஐந்து பேர், எல்லார் தோளிலும் தண்ணீர்.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார் கையிலயும் இருக்கு" என்றாள் கடைசியில்.

சாமி உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். அவளுடைய சின்ன பாட்டிலையும் மாத்திரையையும் பழத்தையும் அதில் போட்டுக் கொடுத்தார்.

"மத்தது இங்கே இருக்கட்டும். அடிபட்டு இறங்குறவங்க எல்லாரும் இந்த வழியாத்தான் வர்றாங்க. எனக்குக் கட்டுப் போடத் தெரியாது. சொல்லிக் கொடுங்க."

"நானா? உங்களுக்கா?"

அவர் காலை நீட்டினார்.

அவள் அவர் கணுக்காலில் துணியைச் சுற்றினாள். பாதியில் விரல் ஒத்துழைக்கவில்லை. "இப்படி எட்டு மாதிரி வரணும், நீங்களே சுத்துங்க" என்றாள். அவர் சுற்றினார். அவிழ்ந்துவிட்டது. மறுபடி இறுக்கிச் சுற்றினார். "இழுத்துப் பிடிக்காதீங்க, ரத்தம் ஓடணும்" என்று திட்டினாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அதன்பிறகு அவள் சாமி எடுத்துக் கொடுத்த இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு ஏறப் போனாள்.

மெதுவாக ஏறினாள். வலித்த இடத்தில் நின்றாள். மூன்றாவது வளைவைக் கடந்ததை, கடந்த பிறகுதான் கவனித்தாள். நாலாவது வளைவுக்கு மேலே தொண்டை வறண்டது. நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, பாட்டிலை எடுத்தாள்.

மூடி திரும்பவில்லை.

புது பாட்டில். மூடியின் சீல் இன்னும் உடைபடவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகிப் பார்த்தாள். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பார்த்தாள். விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன.

நாலைந்து பேர் கடந்து போனார்கள். இறங்கி வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி நின்றாள்.

"ஆன்ட்டி, ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ போ."

அவள் போய்விட்டாள். வடிவாம்பாள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேலை பார்த்த காலத்தில் அவள் யார் யாரிடமோ போய் நின்று கேட்டிருக்கிறாள். படுக்கை வேண்டும், ரத்தம் வேண்டும், ஒரு போர்வையாவது கொடுங்கள் என்று சண்டையே போட்டிருக்கிறாள். எல்லாம் நோயாளிகளுக்காக.

கை முழுக்கப் பெயிண்ட் கறையோடு ஒருவர் ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். அவளைக் கடந்து இரண்டு அடி போய்விட்டார்.

"தம்பி."

அவர் திரும்பினார்.

"இதைக் கொஞ்சம் திறந்து தர்றீங்களா? என் விரலுக்கு முடியலை."

அவர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பாட்டிலை வாங்கினார். மூடியைப் பிடித்தார். பல்லைக் கடித்தார். கண்ணை இறுக்கி மூடினார். ஒரு தடவை விட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். மூடி கழன்றது.

"அடேங்கப்பா, என்னா இறுக்கம்மா" என்றார். "எனக்கே கை வலிக்குது. நீங்க எப்படித் திறப்பீங்க?"

வடிவாம்பாள் அந்தக் கையைப் பார்த்தாள். நாளெல்லாம் பெயிண்ட் டப்பாக்களைத் திறக்கிற கை. கட்டைவிரல் மட்டுமே அவள் மணிக்கட்டு அளவு இருந்தது.

ஊசி என்றால் எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். எத்தனை பேர் அதைக் கேட்டு, நம்பியது போலக் கையை நீட்டியிருப்பார்கள்.

அவள் தண்ணீர் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு லேசாக மூடிக் கொடுத்தார்.

பிற்பகலில் அவள் அடிவாரத்துக்கு இறங்கி வந்தாள். சாமி படியில் உட்கார்ந்திருந்தார்.

"உச்சி வரைக்கும் போனீங்களா?"

"போனேன்."

"முட்டி?"

"வலிச்சுது. அதுவும் கூடவே வந்துச்சு."

அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"சாமி, ஒருத்தர் எனக்குத் தண்ணி பாட்டில் திறந்து கொடுத்தார். மூடி ரொம்ப இறுக்கமா இருக்குன்னு பொய் சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா தம்பி, ரொம்பத்தான் இறுக்கம்னு சொன்னேன்."