அஞ்சுக்கு அடுத்தது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அது சென்னை போகிற வேனில் உட்கார்ந்திருக்கிறது, நாம் இன்னும் ஈரோட்டைத் தாண்டவில்லை. அதுவரை நான் சொல்வதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன்.

ஈரோட்டில் மூன்று பேர் கொண்ட வீடியோ கேம் அணி ஒன்று. கேப்டன் ரெஜினா அக்கா. அடுத்தவன் இன்பசேகர். மூன்றாவது நான், பானு, வயது பதினேழு. எனக்கு எல்லார் குரலும் வரும். நடுவர் மூக்கால் சொல்லும் "பிளேயர்ஸ், ஹெட்செட் மாட்டுங்க" வரும். மூச்சே விடாத வர்ணனைக்காரர் வருவார். ரெஜினா அக்காவின் கரகரப்பு எல்லாவற்றையும்விட நன்றாக வரும். அதனால்தான் அக்காவுக்கு நான் 'கிளி'.

இன்பாவுக்குப் பதினெட்டு வயதில் மாநிலக் கோப்பை, 'சூறாவளி இன்பா' என்று ஆளுயர பேனர். பத்தொன்பதில், நேரலை ஆட்டத்தில், அன்றைய கேப்டன் "நில்லு" என்றதைக் கேட்காமல் தனியாகப் பாய்ந்தான். தோற்றான். தோற்றதோடு விடாமல் கேப்டனையே மைக்கில் திட்டினான். அன்றே கழற்றிவிட்டார்கள். பிறகு மணிக்கட்டு வலி. எந்த அணிக்கு அடித்தாலும் போனை எடுக்க ஆளில்லை. ஒன்றரை வருடம் மொபைல் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டினான். ஒரு குமிழிகூட வராது. போனைக் கொடுத்துவிட்டு நின்ற ரெஜினா அக்கா, அந்தக் கையைப் பார்த்துத்தான் அவனைக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு கண்டிசன் சாமி. மேட்ச்ல என் குரலை மீறுனீன்னா அன்னைக்கே பையைத் தூக்கிக்க."

"உங்க குரலை மீறவே மாட்டேனுங்க்கா."

இனி வேறெங்கும் இடம் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் ஆடும் களத்தின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. கரையோரம் ஒன்று முதல் எட்டுவரை எண் போட்ட அறைகள். முதல் நாள் பயிற்சியில் அக்கா "ஆறு! ஆறு!" என்று கத்த, இன்பா ஆறாம் அறைக்கு ஓடினான், நான் ஆற்றில் குதித்தேன். இரண்டு பேருமே காலி. அன்றே அக்கா சட்டம் போட்டார். ஆறு என்றால் தண்ணீர் மட்டும். அந்த அறைக்குப் பெயர் 'அஞ்சுக்கு அடுத்தது'. அக்கா ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. நான் தினமும் இரண்டு தடவை மறந்து, இரண்டு தடவை திட்டு வாங்குவேன்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வேனில்தான். பொறுங்கள்.

கோவையில் அரையிறுதி, கடைசிச் சுற்று. எதிரணியில் ஒருவன் மிச்சம். எங்களில் இன்பா மட்டும் உயிரோடு. என்னைச் சுட்ட அந்த ஒருவன் ஆறாம் அறைக்குள் நுழைந்ததை நான் சாகிற நொடியில் பார்த்துவிட்டேன். அது தெரியாத அக்கா, "இருக்கற ரூமுக்குள்ளயே இரு சாமி, அவனே தேடி வருவான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பேய் இருமல். ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். நேரமோ முப்பது நொடி. அது முடிந்தால் புள்ளிக் கணக்கில் ஆட்டம் அவர்களுக்கு, பதுங்கியவன் ஏன் தேடி வருகிறான்?

என் குரலில் கெஞ்சினால் இன்பா அசையமாட்டான். என் வாயிலிருந்து ரெஜினா அக்கா வந்தார்.

"இன்பா! ஆறு! போ, போ!"

நான் சொன்னது அறையை. இன்பா ஓடியது ஆற்றுக்கு. தலையில் கை வைத்துக்கொண்டேன். அவன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நேராக ஆறாம் அறையின் ஆற்றுப் பக்க ஜன்னலைக் குறிபார்த்தான். ஒரே குண்டு. எதிராளி வாசல் கதவுக்குத் துப்பாக்கியை நீட்டியபடியே சாய்ந்தான்.

அரங்கமே எழுந்து ஆடியது. இருமி முடித்த அக்கா மட்டும் ஆடவில்லை.

"இருன்னுதானேடா சொன்னேன்? எதுக்குடா போன?"

"நீங்கதானுங்க்கா போ போன்னீங்க."

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அச்சு அசலாக அக்கா குரல்.

"நானா சொன்னேன்? இருமல்ல என்ன உளறுனேன்னே தெரியல போ" என்று சொல்லி, சென்னை இறுதிப்போட்டிப் பட்டியலில் இன்பாவின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இனி அதை மாற்ற முடியாது.

இப்போது சொல்லுங்கள். என் குரலில் ஏமாந்தவர் யார்? இன்பா தன் வாக்கைக் காப்பாற்றினானா, மீறினானா?

இன்பா ஏமாந்தான், பாவம், அக்கா சொன்னதாகவே நினைத்துக் கீழ்ப்படிந்தான் என்கிறீர்களா? நானும் நாலு நாள் அப்படித்தான் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன். பேசியது அக்கா என்று நம்பியிருந்தால் அவன் எதிராளியைத் தண்ணீரில் அல்லவா தேடியிருப்பான்? ஜன்னலைப் பார்த்தான் என்றால், பேசியது மறதிக் கிளி என்று தெரிந்தேதான் போனான். வாக்கு? அவன் கொடுத்தது 'குரலை' மீற மாட்டேன் என்று. குரல் போ என்றது, போனான். ஆக, முழுசாக ஏமாந்தவர் ரெஜினா அக்கா ஒருவர்தான். வேன் சேலம் தாண்டும்போது அவர் பத்தாவது முறையாக அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார். "ஏண்டா, ஆறுன்னு நான் சொன்னா நீ ஆத்தைத்தானே பார்க்கோணும்?" இன்பா அந்த நொடியே குறட்டை விட்டான். அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"பானு, அந்த ரூமுக்குப் பேரென்ன கண்ணு?"

"ஆறுங்க்கா" என்றேன், பளிச்சென்று.

"அடிப் பாவிக் கிளி!"