உளுத்த படலும் இலந்தை முள்ளும்

குளத்தங்கரையில் வெடுக்கி என்றொரு முயல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தது. யாரிடமும் வெடுக்கென்று பேசிவிடும் என்பதால் அந்தப் பெயர். மழைக்காலம் முழுக்க அதன் நான்கு குட்டிகளுக்கும் அந்தக் கிழங்குதான் சாப்பாடு.

தோட்டத்தைச் சுற்றி மூங்கில் படல்கள் கட்டி மூன்று வருஷமாயிற்று. பாதையோரத்துப் படல்கள் ஆறையும் கரையான் அரித்துவிட்டது. தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தன. போதாக்குறைக்கு, அந்த வழியாகப் போகும் காட்டுப்பன்றி தினமும் அவற்றில் முதுகைச் சொறிந்துகொள்ளும்.

ஒரு நாள் முயல் புது மூங்கில் பிளப்பதைப் பன்றி பார்த்தது. அதற்குப் பிடிக்கவில்லை. இந்தக் காட்டில் இனி யாருக்கும் வேலி தேவையில்லை, எல்லாத் தோட்டத்துக்கும் தானே காவல் என்று அது முன்பே சொல்லியிருந்தது. பக்கத்துக் கௌதாரி அதை நம்பி வேலியைப் பிடுங்கிப் போட்டது. இப்போது அதன் தினைக்கொல்லையில் பாதியைக் காணோம். தின்றது யார் என்று கேட்கக் கௌதாரிக்கு வாய் வரவில்லை.

"நாளைக் காலையில வருவேன். ஒரு படல்கூட நிக்கக் கூடாது. நான்தான் வேலி, தெரிஞ்சுதா?" என்றது பன்றி.

"பயிரை மேயுற வேலி எனக்கு வேண்டாம்," என்றது வெடுக்கி.

கௌதாரி பதறியது. பெரிய இடத்துப் பகை வேண்டாம், பாதிக் கிழங்காவது மிஞ்சுமே என்று கெஞ்சியது. அப்படியானால் எந்த இரண்டு குட்டிகளைப் பட்டினி போடுவது என்று முயல் கேட்டது.

வேலி மாற்றுவதில் வெடுக்கிக்கு ஒரு வழக்கம். புதுப் படல் நின்ற பிறகுதான் பழையதை அவிழ்க்கும். தோட்டம் ஒரு நொடிகூடத் திறந்து கிடக்கக் கூடாது. அதனால் பழைய படல்களுக்கு உள்பக்கம், ஒரு சாண் தள்ளிப் புதியவற்றை நட்டது. மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே இலந்தை முள்ளைச் செருகி, முனைகளை வெளியே நீட்டிவிட்டுக் கொடியால் இறுக்கியது. பல் கூசியது, பாதம் வீங்கியது. ஆறாவது படல் நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. பழையதைக் காலையில் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

விடிந்ததும் பன்றி வந்தது. பழைய படல்கள் அப்படியே நிற்பதைப் பார்த்து அதற்குச் சிரிப்பு.

"இந்த உளுத்ததை நம்பியா என்னை எதிர்த்தே?"

"பின்னால புதுசு இருக்கு. முள்ளு வெச்சுக் கட்டியிருக்கேன். சொல்லலைன்னு சொல்லாதே," என்றது முயல். அது ஓரடிகூடப் பின்வாங்கவில்லை.

முயல் சொல்லிப் பன்றி கேட்பதா? தினமும் முதுகு சொறிகிற படலைப் பற்றித் தனக்குத் தெரியாதா? பத்தடி பின்னால் போய், தலையைக் குனிந்து, ஓடி வந்து மோதியது. பழைய படல் தூளாயிற்று. அதே வேகத்தில் அதன் மூக்கும் முகமும் இலந்தை முள்ளில் போய்ச் செருகின.

"ஐயோ!" என்று காடே கேட்க அலறிக்கொண்டு பன்றி வந்த வழியே ஓடியது. புதுப் படல் சற்றே சாய்ந்தது, அவ்வளவுதான்.

"ஒரு படலைப் பிரிக்கிற வேலை மிச்சம்!" என்றது வெடுக்கி.

அன்று மத்தியானம் கௌதாரி தயங்கித் தயங்கி வந்தது. அதன் அலகில் ஓர் இலந்தைக் கிளை இருந்தது. வெடுக்கி மிச்ச மூங்கிலை எடுத்துக்கொண்டு கௌதாரியின் கொல்லைக்கு நடந்தது.

மிரட்டுகிறவனிடமே காவலை ஒப்படைத்தவன் விளைச்சலை இழப்பான். தன் வேலியைத் தானே கட்டி நிமிர்ந்து நிற்பவனிடம் எந்த மிரட்டலும் செல்லாது.